கம்பிப் பதமும் கார் ஆயிலும்

எங்கள் வீட்டில் எதையும் விரலால்தான் பார்ப்போம். கடலைமிட்டாய் போடுகிற குடும்பம். கொப்பரையில் வெல்லப்பாகு கொதிக்கும்போது கரண்டியில் ஒட்டியதைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் கம்பி விடும். இன்னும் கொஞ்சம் காய்ந்த பிறகு ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் டக்கென்று ஒடியும். அதற்கு முன்பே இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கறுத்துக் கசக்கும். இந்தப் பழக்கம் மிட்டாய்க் கொட்டகையோடு நிற்பதில்லை. கோயிலில் கொடுக்கும் திருநீற்றைக்கூட இரண்டு விரலில் உருட்டித் தரம் பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்கிற கூட்டம் நாங்கள். அதனால் காருக்கு ஆயில் வாங்கப் போன இடத்தில் நான் செய்த காரியத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கார் என்றால் இப்போது ரோட்டில் ஓடுகிற மாதிரிக் கார் இல்லை. பழைய டீசல் வண்டி. முன்சீட் ஒரே நீளப் பெஞ்சு. கதவைத் திறந்தால் ஒரு பீரோவையே உள்ளே தள்ளலாம். சின்ன வயதில் போலியோ வந்து என் வலது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இரும்புப் பட்டை மாட்டி, ஊன்றுகோல் வைத்து நடப்பேன். லேத் பட்டறையில் ஒரு லீவர் செய்து ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தியதில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கைக்கு வந்துவிட்டன. கிளட்ச்சை இடது கால் பார்த்துக்கொள்ளும். லீவரை எந்தக் காரில் வேண்டுமானாலும் வைக்கலாம், கதவையும் சீட்டையும் மாற்ற முடியாதே. தம்பி என்னை ஷோரூம் ஷோரூமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்த்தான். ஒன்றில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இன்னொன்றில் ஏறவே முடியவில்லை. எல்லாவற்றிலும் இரண்டு சீட்டுக்கும் நடுவே என்னத்தையாவது நட்டு வைத்திருந்தார்கள், ஊன்றுகோலைப் படுக்கப்போட இடமில்லை.

இந்தப் பழைய வண்டியில்தான் நான் கயத்தாறு ஹைவே கடைகளுக்கு மிட்டாய்ப் பெட்டி கொண்டுபோய்ப் போடுவேன், கழுகுமலைப் பக்கம் போய்ப் புதுக்கடலையை உடைத்து வாயில் போட்டு விலை பேசுவேன். வண்டி இல்லாத காலமும் எனக்குத் தெரியும். ஒரு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள், யார் முகம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும். அவர்கள் கிளம்பும் நேரம்தான் எனக்கு நேரம். யாரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் கேட்பது கேட்பதுதான்.

அந்த வருஷம் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும், அதற்கு முன் புகைச் சோதனையில் தேற வேண்டும். சரியாக அந்தச் சமயம் பார்த்து வண்டி புகைய ஆரம்பித்தது. நீலப் புகை. கயத்தாற்றில் ஒரு கடைக்காரர் மிட்டாய்ப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தாயி, கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பயமாக இருந்தது.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். அவர் எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார், சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கவும் மாட்டார்.

"வயசாயிட்டுல்லா தங்கச்சி, ஆயில் குடிக்குது. என்ன ஆயில் ஊத்துத?"

"கடையில குடுக்கத ஊத்துதேன்."

"குடுக்கதன்னா?"

எனக்குத் தெரியவில்லை. வெல்லம் எந்த ஊர் ஆலையில் காய்ச்சியது என்று நாக்கில் வைத்தே சொல்லுகிறவள், என்னைச் சுமந்து திரிகிற வண்டியின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. "ஆயிலைச் சரியாப் போட்டா இன்னுங் கொஞ்ச காலம் இழுக்கலாம். இல்லைன்னா இஞ்சினை எறக்கி வேல பாக்கணும். இதுக்குச் சாமான் இப்ப லேசுல கெடைக்காது, மாசக்கணக்குல வண்டி நிக்கும்" என்றார் அவர்.

ஆயில் கடைக்கு நேரே போனேன். அலமாரி முழுக்க டப்பா, டப்பா முழுக்க எண்கள். எண்ணைப் பார்த்து எனக்கு என்ன விளங்கும்? "கொஞ்சம் திறந்து காட்டுங்க அண்ணாச்சி, தொட்டுப் பாக்கணும்" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தங்கக் கடையில் தங்கத்தைக் கடித்துப் பார்க்கக் கேட்டிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் நல்ல மனுஷன். சில்லறைக்கு ஊற்றுவதற்கென்று திறந்து வைத்திருந்த கேன்களிலிருந்து ஒவ்வொரு சொட்டு என் விரலில் விட்டார்.

ஒன்று தண்ணீராக ஓடியது. இன்னொன்று பரவாயில்லை. கடைசியாக ஒன்று விட்டார் பாருங்கள், விரலைப் பிரித்தால் நீளமாகக் கம்பி விட்டது. அறுபடவே இல்லை. தேன் நிறம் வேறு. கேன் மேலே ஐம்பது என்று ஒற்றை எண்தான் போட்டிருந்தது.

"இது அந்தக் காலத்து லாரிக்குப் போடுதது" என்று இழுத்தார் கடைக்காரர்.

"என் வண்டியும் அந்தக் காலந்தான்" என்றேன்.

ஒரு பெரிய கேன் வாங்கி வந்து, பழைய ஆயிலை வடித்துவிட்டு அதையே ஊற்றச் செய்தேன். மெக்கானிக் அண்ணாச்சி, "கட்டியாத்தான் இருக்கு, பாப்போம்" என்றதோடு சரி. அன்று கொட்டகையில் தம்பிக்கு ஒரு பிரசங்கமே நடத்தினேன். விரலில் ஆயிலைத் தொட்டு இழுத்துக் காட்டி, "பாத்தியாலே கம்பிய? தேஞ்ச இஞ்சினுக்குள்ள சந்து விழுந்திருக்கும். இதுதான் போய் அடைச்சுக்கிட்டு நிக்கும். கம்பி விடுததுதான் நல்ல ஆயில்" என்றேன். அவனும் தலையைத் தலையை ஆட்டினான். பாகு விஷயத்தில் நான் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை, அதனால் இதையும் நம்பிவிட்டான்.

முதல் இரண்டு நாள் புகை குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் முக்கியது. ஆயில் சிவப்பு லைட் அணைய நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை இஞ்சினின் மேல்பக்கம் யாரோ ஆணி டப்பாவைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சத்தம் கேட்கிற ஒவ்வொரு காலையும் என் பல் கூசியது.

ஒரு நாள் உச்சி வெயிலில் கழுகுமலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினேன். காலையில் மட்டும் ஏன் இந்தச் சத்தம் என்று மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததால், மட்கார்டில் சாய்ந்து நின்று பேனட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினேன். நுனியைத் தொட்டேன். விரல் சுட்டது. இழுத்துப் பார்த்தேன். கம்பியைக் காணோம்! நான் பெருமையாக வாங்கி வந்த ஆயில் வெறும் ரசமாக விரலிலிருந்து வழிந்தது.

எனக்கு அது அவமானமாகப் படவில்லை, ஆர்வம்தான் வந்தது. பாகு சூடாக இருக்கும்போதே கம்பி விடுமே. காயக் காய இறுகுமே. இது ஏன் இப்படி? யோசித்துப் பார்த்தேன். பாகு காயும்போது அதிலுள்ள தண்ணீர் போகிறது, அதனால் இறுகுகிறது. ஆயிலில் போவதற்குத் தண்ணீர் ஏது? சூடானால் இளகும், ஆறினால் இறுகும், அவ்வளவுதான். கடையில் ஆறிக் கிடந்த ஆயிலை விரலில் இழுத்துப் பார்த்து, அது கொதிக்கிற இஞ்சினுக்குள் எப்படி இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறேன். பாகு போடுகிற வீட்டில் பிறக்காத யாருக்கும் இந்த அறிவு வந்திருக்காது.

மறுநாள் ஆயில் கடைக்காரரிடம் நடுத்தரமாக ஓடியதில் கொஞ்சம் வாங்கி வந்தேன். அதில் பதினைந்து, பக்கத்தில் இங்கிலீஷ் டபிள்யூ, அப்புறம் நாற்பது என்று போட்டிருந்தது. டபிள்யூ என்றால் என்ன என்று கேட்டேன். வின்டராம், அதாவது குளிர்காலம். "கோவில்பட்டியில ஏது அண்ணாச்சி குளிர்காலம்?" என்றேன். "எனக்கும் அதான் தெரியல" என்றார் அவர்.

இரண்டு ஆயிலையும் இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சாய்த்த தட்டில் விட்டுப் பார்த்தேன். கம்பி விட்டது நகர மனமில்லாமல் நகர்ந்தது. மற்றது பாதித் தட்டு போன பிறகும் இது தட்டின் விளிம்பைத் தாண்டவில்லை. பிறகு இரண்டு கிண்ணத்தையும் கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கி மறுபடி விட்டேன். இப்போது இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே ஓடின. கட்டியானது கொஞ்சம் பின்தங்கியது, அவ்வளவுதான். எனக்கு ஒரே சந்தோஷம். ஊருக்குக் குளிர்காலம் இல்லாவிட்டால் என்ன, ராத்திரி முழுக்க நின்ற இஞ்சினுக்கு ஒவ்வொரு காலையும் குளிர்காலம்தான். கட்டி ஆயில் அந்த நேரத்தில் மேலே ஏறிப் போய்ச் சேருவதற்குள் இரும்பும் இரும்பும் உரசிக்கொள்கிறது. அந்த ஆணி டப்பாச் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் தம்பி உள்ளே வந்தான். "எக்கா! மிட்டாய் போடுத அடுப்புல என்னத்த வேகவைக்க?" என்று கத்தினான். கிண்ணங்களைத் தூக்கி வெளியே வீசிவிட்டு, அடுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவினான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பதினைந்து நாற்பதையே மாற்றி ஊற்றினோம். மிச்சமிருந்த கட்டி ஆயில் கேனைக் கொட்டகை மூலையில் வைத்தேன். காலைச் சத்தம் நின்றது. புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலு நாளில் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் கரியாகக் கறுத்திருந்தது. பாகு கறுத்தால் முறுகிவிட்டது என்று அர்த்தம். பதறிப்போய் மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஓடினேன். "டீசல் இஞ்சின்ல ஆயில் கறுக்கத்தான் செய்யும். உள்ள இருக்க கரியக் கழுவி எடுக்குல்லா. கறுக்காம இருந்தாத்தான் நான் யோசிப்பேன்" என்றார். பாகுப் புத்தியை இனிமேல் வண்டிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சில வாரம் நினைத்திருந்தபோது புகை திரும்ப வந்தது. முன்னைவிட மோசம். பசுவந்தனை ரோட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர் புகைக்குள்ளிருந்து என்னைத் திட்டியது கேட்டது, ஆளைத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் இன்னொரு அதிசயம். ஆயில் குடிக்கிற வண்டியில் ஆயில் குறைய வேண்டும் அல்லவா? கூடியிருந்தது. மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

மெக்கானிக் அண்ணாச்சி இதைக் கேட்டதும் முகத்தைத் தொங்கப்போட்டார். "ஆயில் தானாக் கூடுதுன்னா டீசல் உள்ள எறங்குதுன்னுதான் அர்த்தம். இஞ்சினை எறக்கிர வேண்டியதுதான் தங்கச்சி." ஆர்.சி. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இஞ்சினை இறக்கினால் அந்த நாளுக்குள் ஏற்ற முடியாது, தவறவிட்டால் வண்டி ரோட்டுக்கு வராது. தம்பி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "வித்துருவோம்க்கா. நான் இருக்கம்லா, எங்க போணும்னு சொல்லு, கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு வந்ததே கோபம். "என் காலுக்கு நீ விலை பேசாத" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அன்று தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் முதல் வேலையாக, இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே, டிப்ஸ்டிக்கை உருவினேன். டீசல் கலந்திருந்தால் வாடை அடிக்க வேண்டும். மோந்து பார்த்தேன், இல்லை. டீசல் கலந்திருந்தால் ஆயில் இளகியிருக்கவும் வேண்டும். விரலில் தொட்டு இழுத்தேன். கம்பி விட்டது. கறுப்புக் கம்பி. நான் ஊற்றிய பதினைந்து நாற்பது ஆறிய நிலையில் எப்படி இழுபடும் என்று என் விரலுக்கு இப்போது அத்துப்படி. இது அது இல்லை. இதில் கட்டி ஆயில் சேர்ந்திருக்கிறது.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கொட்டகை மூலைக்குப் போனேன். கேனைத் தூக்கினேன். பாதிக்கு மேல் ஆயிலோடு வைத்த கேன், ஒரு விரலில் மாட்டித் தூக்குகிற கனம்தான் இருந்தது. யாரோ என் வண்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அளவுக்கு மேல் போனால் இஞ்சின் அதை அடித்துத் தெறிக்கவிட்டுப் புகையாக விடாமல் என்ன செய்யும்? வித்துருவோம் என்று சொன்னவன் ஒருவன்தான். அவன் முகம்தான் மனதில் வந்தது. கேனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் அடுப்பைக் கழுவி, தராசுக்குச் சந்தனம் வைத்து, சாமி விளக்கில் எண்ணெய் தளும்பத் தளும்ப ஊற்றி ஏற்றுவோம். அடுத்த வெள்ளிவரை விளக்கில் எண்ணெய் வற்றிவிடக் கூடாது, அது எங்கள் வீட்டில் கண்டிப்பு. இதெல்லாம் தம்பியின் வேலை. நான் கடலை மூட்டைகளுக்குப் பின்னால், வாசல் தெரிகிற மாதிரி மறைந்து உட்கார்ந்திருந்தேன். விளக்கை ஏற்றினான். சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே நின்ற காரைச் சுற்றினான். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, மூலைக் கேனிலிருந்து ஒரு பெரிய டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு போனான். பேனட்டைத் திறந்தான். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தான். டம்ளரை அப்படியே சாய்த்தான்.

"என்னலே பண்ணுத?" என்று வாசலுக்கு வந்து கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

திடுக்கிட்டுத் திரும்பினான். ஆனால் மறைக்கப் பார்க்கவில்லை. "ஆயில் ஊத்துதேன்க்கா. வெளக்குக்கு ஊத்துத கையோட இதுக்கும் ஊத்திருவேன். எல்லா வெள்ளிக்கெழமையும்."

"டிப்ஸ்டிக்கைப் பாத்தியா?"

"அது என்னது?"

"எதுக்குலே ஊத்துத?"

"நீ ஒத்தையில போற. ஆயில் வத்திப் போயி கயத்தாறு தாண்டி அங்கன வெயில்ல வண்டி நின்னுட்டுன்னா நீ எறங்கி என்ன செய்வ? எனக்கு ராத்திரி அதே நெனப்புதான். அண்ணாச்சி வேற வண்டி ஆயில் குடிக்குதுன்னாரு. நீதான சொன்ன, கம்பி விடுததுதான் நல்ல ஆயிலுன்னு. அதான் அந்தக் கேனப் பாத்து எடுத்தேன்."

"பெறகு எதுக்கு வித்துருவோம் வித்துருவோம்னு சொன்ன?"

"பயமா இருக்குல்லாக்கா" என்றான்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபப்படத்தான் காத்திருந்தேன், அது வரவில்லை. அழுகை வந்தது. அவன் அதைப் பார்த்துப் பயந்து, "வண்டி கெட்டுப்போச்சாக்கா?" என்றான். கெடவில்லை என்றேன். பக்கத்தில் கூப்பிட்டு டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினேன். இந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாது, அந்தக் கோட்டுக்குக் கீழே வரக் கூடாது. விளக்கு வேறு, இது வேறு. "இனிமே இதுக்குள்ள நான்தான் ஊத்துவேன். நீ சாம்பிராணியோட நிறுத்திக்க" என்றேன். சரி என்றான்.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் பதினைந்து நாற்பதைக் கோட்டோடு கோடாக நிறைத்தார். கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறை ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். புகைச் சோதனையில் வண்டி தேறியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வட்டம் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், இரண்டு வட்டம் ஓட்டிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கழுகுமலைக்குக் கடலை பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தம்பி பையும் கையுமாக வண்டிப் பக்கம் வந்து நின்றான். அவனுடைய பைக் அங்கேயேதான் நின்றது, சாவிகூட அதிலேயே தொங்கியது.

"எக்கா, கழுகுமலைக்குத்தான போற? என்னையும் அங்கன எறக்கி விட்டுருதியா?" என்றான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து சைக்கிளிலும் பைக்கிலும் என்னைச் சுமந்து திரிந்தவன் அவன். தன்னை எங்கேயாவது கொண்டுபோய் விடச் சொல்லி அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் தயங்கி, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

பெஞ்சு சீட்டில் கிடந்த ஊன்றுகோலை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, "ஏறுலே" என்றேன்.